இடது கைக்கு ஒரு மடக்குக் கத்தி

எங்கள் அண்ணி யார் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே "சரி" என்று தலையாட்டுகிறவர். அவர் படாத கோபத்தையெல்லாம் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன். "உனக்கு மட்டும் ஏன் மூக்குக்கு மேல கோபம் வருது?" என்று அண்ணன் கேட்பான். ரெண்டு பேர் படவேண்டியதை ஒருத்தியே பட்டால் வேறெப்படி இருக்கும்?

நானும் அண்ணியும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறோம். கண்ணாடி பேக் செய்யும் கூடம். ஆள் உயரக் கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி, அலமாரிக் கதவுக் கண்ணாடி எல்லாம் எங்கள் மேஜைக்கு வரும். ஓரங்களுக்கு நுரை வைத்து, மூலைகளுக்கு அட்டை செருகி, பெட்டிக்குள் இறக்கி, பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கி அனுப்ப வேண்டும். கையில் எந்நேரமும் கத்தி இருக்கும். நான் மேஜையின் வலது பக்கம் நிற்பேன், அண்ணி இடது பக்கம். நான் வலது கையால் வெட்டிக்கொண்டு வருவேன், அவர் இடது கையால் வெட்டிக்கொண்டு வருவார். நடுவில் சந்திப்போம். ஒருவர் முழங்கை இன்னொருவர் மேல் இடித்ததே கிடையாது. அண்ணி கட்டி அனுப்பிய கண்ணாடி உடைந்து திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதும் கிடையாது.

அப்படிப்பட்டவருக்குக் கூடத்தில் வைத்த பெயர் பீச்சாங்கை. தள்ளுவண்டிக்காரர் ஆரம்பித்து வைத்தார், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "பீச்சாங்கை வந்தாச்சா, பீச்சாங்கைக்கு டீ சொல்லியாச்சா?" என்று அண்ணி காதுபடவே பேசுவார்கள். அண்ணி சிரிப்பார். நான் முறைப்பேன்.

சின்ன வயதிலிருந்தே அவருக்கு இது பழகிப்போன விஷயம். பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து விரல் முட்டியில் போட்டிருக்கிறார். வீட்டில் அவருடைய அம்மா இடது கையைப் பழந்துணியால் சுற்றிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்திருக்கிறார். அதனால் எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கைக்குப் போய்விட்டன. எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். வெட்டுவது, தைப்பது, ஆணி அடிப்பது, சுத்தமாகச் செய்ய வேண்டிய எல்லாமே இன்னும் இடது கையிடம்தான். கத்தரிக்கோல் அவருக்கு வெட்டாது, துணியை மடித்துக் கடிக்கும். டப்பா திறக்கிற கருவியைத் தலைகீழாகப் பிடித்து, மணிக்கட்டை முறுக்கி, எப்படியோ திறந்துவிடுவார். "எல்லாம் பழகிட்டா சரியாப் போயிடும்" என்பார். இந்த உலகத்தில் எதுவும் அவருக்குப் பழகிக்கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் அவர்தான் பழகிக்கொண்டார்.

கூடத்தில் கொடுக்கிற கத்திகள் வெறும் பிளாஸ்டிக். அட்டை கொஞ்சம் தடித்திருந்தால் அலகு முறிந்து எங்கேயாவது பறக்கும். கொஞ்ச நாள் வேலை பார்த்தவர்கள் சொந்தமாக ஒரு நல்ல மடக்குக் கத்தி வாங்கிப் பையில் வைத்துக்கொள்வார்கள். அண்ணி ரொம்ப நாள் வாங்காமலே ஓட்டினார். அவருடைய பிறந்தநாளுக்கு அண்ணன்தான் ஒன்று வாங்கி வந்தான். கறுப்புக் கைப்பிடி, பளபளவென்று அலகு, பையில் மாட்டிக்கொள்ளக் கிளிப். வீட்டுக் கூடத்து நடுவில் நின்று கட்டை விரலால் சடக்கென்று திறந்து காட்டி, "எப்படி?" என்று கேட்டான். அண்ணியின் முகம் மலர்ந்துபோனது. அவனைவிட நான்தான் அதிகம் பீற்றிக்கொண்டேன், என் அண்ணனைப் பார் என்று.

அந்தக் கத்திதான் அண்ணியின் விரலில் இறங்கியது.

தடித்த அட்டையில் முனையைக் குத்தி இறக்கும்போது அலகு மடங்கி, இரண்டு விரல்களின் மேல் விழுந்துவிட்டது. தையல் போட வேண்டியிருந்தது. நான் அண்ணியின் கையைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், மேற்பார்வையாளர் எல்லாரையும் கூட்டி வைத்துப் பாடம் எடுக்கிறார்.

"நான் அப்பவே சொன்னேன், அந்தக் கையில வெட்டாதீங்கன்னு. கவனக்குறைவு, வேற ஒண்ணுமில்ல. திரும்பி வரும்போது வலது கையில வெட்டறதா இருந்தா கண்ணாடி மேஜை. இல்லன்னா முற்றத்துக்குப் போய் லோடு ஏத்துங்க."

இந்த மனிதரும் ஒரு காலத்தில் எங்கள் மேஜையில் நின்று பட்டை போட்டவர்தான். ரத்தம் சொட்டிக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் பேசுகிற பேச்சா இது? அண்ணி வலியை மென்று முழுங்கிக்கொண்டு, "சரி சார், என் தப்புதான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முற்றம் என்றால் வெயில், மழை, நாள் முழுக்கத் தூக்குச் சுமை. அண்ணியின் இடுப்பு அதற்குத் தாங்காது. அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் கண்ணாடி மேஜை அவருக்கு உயிர். கண்ணாடியைப் படுக்க வைக்காமல், சாய்க்காமல், நிற்க வைத்தபடியே நுரைக்குள் இறக்குகிற நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். வலது கையால் அதைச் செய்யச் சொல்வதும் ஒன்று, செய்யாதே என்பதும் ஒன்று.

வீட்டுக்கு வந்தும் அதே கதைதான். அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "நல்ல கத்தின்னு பாத்துப் பாத்துதானே வாங்கினேன்" என்றான்.

"கத்தி நல்லாத்தாங்க இருக்கு. நான்தான் ஏதோ ஞாபகத்துல இருந்துட்டேன்" என்றார் அண்ணி.

ஏதோ ஞாபகமாம். கையில் கத்தி இருக்கும்போது அண்ணிக்குக் கூப்பிட்டால்கூடக் காது கேட்காது. எனக்கு அந்தப் பேச்சு ஒட்டவில்லை. மறுநாள் காலை சமையலறை மேடையில் கத்தியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வலது கையில் பிடித்துத் திறந்தேன். அலகின் முதுகை மரப்பலகையில் தட்டினேன். அசையவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன். அப்போதும் அசையவில்லை. கைப்பிடியின் ஒரு பக்கத்தில் சின்னதாக ஒரு பள்ளம். அதற்குள்ளே ஒரு மெல்லிய தகடு. அந்தத் தகடுதான் அலகைத் தாங்கிப் பிடிக்கிறது. மூட வேண்டுமென்றால் கட்டை விரலால் அதைத் தள்ள வேண்டும்.

பிறகு கத்தியை இடது கைக்கு மாற்றினேன். கட்டை விரல் அந்தப் பக்கம் போய்விட்டது. மற்ற விரல்களின் நுனி நேராகப் பள்ளத்தில் வந்து உட்கார்ந்தது. அழுத்தி வெட்டுகிறவர்கள் பிடிப்பது போல இறுக்கினேன். டிக் என்று தகடு விலகியது. அலகு தொளதொளவென்று ஆடியது. எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் திறந்துகொள்கிற பூட்டு. பூட்டு அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது, வலது கைக்காரர்களுக்கு.

அண்ணி காய் எடுக்க உள்ளே வந்தார். என் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்" என்றார், மெதுவாக.

"தெரிஞ்சா சொல்ல மாட்டீங்களா?"

"உங்க அண்ணன் ஆசையா வாங்கிட்டு வந்தது. எனக்குச் சரியா வரலன்னு எப்படிச் சொல்றது? விரலைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வச்சுப் பழகிட்டுதான் இருந்தேன். அன்னைக்கு அட்டை தடியா இருந்துச்சு, அழுத்திப் பிடிச்சுட்டேன்."

நான் கத்திய கத்தலில் அண்ணன் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு ஓடி வந்தான். கத்தியை அவன் இடது கையில் திணித்து இறுக்கச் சொன்னேன். இறுக்கினான். டிக். இன்னொரு தடவை இறுக்கினான். டிக். அவன் முகம் சுண்டிப்போனது.

"எனக்குத் தோணவே இல்ல" என்றான். "சொல்லியிருக்கலாமே நீ" என்றான் அண்ணியிடம்.

"சொல்லணுமா?" என்று நான் பாய்ந்தேன். "கல்யாணம் ஆன நாளா பக்கத்துல உக்காந்து காய் நறுக்கறதைப் பாக்கற. எந்தக் கைன்னு தெரியாதா உனக்கு?"

"உனக்குத் தோணிச்சா?" என்று அவன் கேட்டான்.

கத்தியை அவன் கையிலிருந்து வாங்கி மடக்கினேன். தினமும் பக்கத்தில் நிற்கிறவள் நான்.

தையல் பிரித்த பிறகு மூன்று பேருமாகக் கத்திக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடிப் பலகையின் மேல் சிவப்புத் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பெண் கேட்கிறாள் என்றதும் முதலில் வந்தது சாவிக்கொத்தில் தொங்குகிற குட்டிக் கத்தி.

"அட்டை வெட்டணும், பட்டை வெட்டணும். பழம் நறுக்கறதுக்கு இல்ல" என்றேன் நான்.

அடுத்து வரிசையாக வந்ததெல்லாம் அண்ணன் வாங்கிய கத்தியின் அண்ணன் தம்பிகள். இது துருப் பிடிக்காது, இது ரொம்ப நாள் முனை மழுங்காது, இதன் கைப்பிடி வழுக்காது. அண்ணி ஒவ்வொன்றையும் இடது கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"அந்தக் கையில பிடிக்காதீங்கம்மா, அது இந்தக் கைக்குத்தான்" என்றார் கடைக்காரர்.

"எனக்கு இந்தக் கைதான்" என்றார் அண்ணி.

"எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க. கொஞ்ச நாள் பழகிக்கிட்டா சரியாயிடும்."

பழகிக்கிட்டா. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி தையல் தழும்பு தெரியும்படி இரண்டு விரல்களையும் சிவப்புத் துணியின் மேல் வைத்தார்.

"பழகினதுதாங்க இது. இதுக்கு மேல எனக்குப் பழக விருப்பமில்ல. விரல் பக்கத்துல பூட்டு இல்லாத கத்தி இருந்தா காட்டுங்க, இல்லன்னா வேற கடைக்குப் போறோம்."

குரல் உயரவில்லை. ஆனால் அண்ணி ஒருவரிடம் "விருப்பமில்ல" என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு கீழ் இழுப்பறையைத் திறந்தார். பளபளப்பு இல்லாத ஒரு கத்தி வந்தது. மரக் கைப்பிடி, பூட்டை விடுவிக்கிற பட்டை கைப்பிடியின் முதுகில். பக்கவாட்டில் எங்கேயும் பள்ளம் இல்லை.

அண்ணி அவசரப்படவில்லை. இடது கையில் பிடித்துத் திறந்தார். இறுக்கிப் பார்த்தார், விரல் நுனி வெறும் மரத்தைத்தான் தொட்டது. அலகின் முதுகைப் பலகை ஓரத்தில் தட்டினார், அசையவில்லை. அலகை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கோணல் இருக்கிறதா என்று பார்த்தார். திறக்கிறபோது நகம் பதிகிற கோடு அலகின் ஒரு பக்கம்தான் இருந்தது. அதையும் பார்த்துவிட்டு, "இது பரவால்ல, இடது நகத்துக்கும் எட்டுது" என்றார். ஒரு பழைய பெட்டியைக் கேட்டு வாங்கி வெட்டிப் பார்த்தார். அண்ணன் நடுவில், "அந்த நீலக் கைப்பிடி அழகா இருக்கே" என்று ஆரம்பித்தான். "அது உங்களுக்கு அழகுங்க" என்றார் அண்ணி. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

மறுநாள் கூடத்துக்குள் நுழைந்ததும் மேற்பார்வையாளர் மேஜை அருகிலேயே வந்து நின்றுகொண்டார். தள்ளுவண்டிக்காரர் முதல் பட்டை போடுகிறவர்கள் வரை வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். முதல் கண்ணாடி வந்தது. அண்ணி இடது கையால் கத்தியைத் திறந்து, நுரையை ஒரே இழுப்பில் வெட்டினார்.

"நான் என்ன சொல்லி அனுப்பினேன்?" என்றார் மேற்பார்வையாளர்.

"கையை மாத்தச் சொன்னீங்க. நான் கத்தியை மாத்தியிருக்கேன். பிடிச்சுப் பாருங்க சார்."

அவர் வலது கையில் வாங்கினார். திறந்தார், மூடினார், ஒரு துண்டு அட்டையை வெட்டினார். "நல்லாத்தானே இருக்கு. எனக்கே நல்லா வருதே" என்றார்.

"எனக்குச் சரியா வர்ற கத்தி உங்களுக்கும் சரியா வருது சார். உங்களுக்குச் சரியா வந்த கத்திதான் என் விரல்ல இறங்குச்சு."

அதற்குள் நான் பழைய கத்தியை என் பையிலிருந்து எடுத்து அவருடைய இடது கையில் வைத்தேன். "மடக்காம நீட்டி, இறுக்கிப் பிடிங்க சார்" என்றேன். டிக் என்ற சத்தம் பக்கத்து மேஜை வரை கேட்டது. தள்ளுவண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, தானாக் கழண்டுக்குது" என்றார்.

மேற்பார்வையாளர் இரண்டு கத்திகளையும் மேஜையில் வைத்தார். மன்னிப்பு மாதிரி ஏதாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. "சரி சரி, மேஜையிலயே இருங்க. இனிமே ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். ஜாக்கிரதையாம். என் நாக்கில் வந்ததையெல்லாம் சொல்லியிருந்தால் நானும் முற்றத்துக்குத்தான் போயிருப்பேன்.

அண்ணி கத்தியைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், அன்னைக்குக் கவனக்குறைவுன்னு எல்லாரையும் கூப்பிட்டு வச்சுச் சொன்னீங்க. எல்லாரும் இங்கதான் இருக்காங்க. இதையும் சொல்லிட்டுப் போங்க."

பின்னால் அடுத்த கண்ணாடியும் வந்து வரிசையில் நின்றது. மேற்பார்வையாளர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அண்ணியின் விரல்களைப் பார்த்தார். "கவனக்குறைவு இல்ல, கத்தி சரியில்ல" என்று சட்டைப் பொத்தானிடம் சொல்வது போல முணுமுணுத்தார்.

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல சார்" என்றார் அண்ணி.

அவர் இரண்டாம் முறை உரக்கச் சொன்னார்.