பக்கத்துக் காம்பராவும் என் கிளியும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக இருந்த பன்னிரண்டு ஒற்றை அறைக் காம்பராக்களில் கிளி வளர்த்தது நான் ஒருத்திதான். எழுபதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைப் பக்கம் வாக்கப்பட்டுப் போன புதிது. பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் எனக்குப் பேச்சுத்துணை. தேயிலைப் பெட்டித் தகரத்தில் என் வீட்டுக்காரர் கூண்டு செய்து வாசலில் மாட்டியிருந்தார்.

அந்தக் கிளி மேல் பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு ஒரு கண் என்று எனக்குச் சந்தேகம். அவள் குடும்பத்துக்கு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கே போய்விடப் பாஸ்போட் வந்து, தோட்டத்து வேலையாட்கள் பதிவான செக்ரோலில் பெயரும் வெட்டியாகிவிட்டது. புருஷன் பயணக் காகிதங்களுக்காக அரசாங்கக் கச்சேரிக்கும் லயத்துக்குமாக அலைவார். நாங்கள் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட்டால் அவள்தான் தனியாக இருப்பாள். மதியம் வந்து பார்த்தால், நான் வைக்காத கொய்யாத்துண்டு கூண்டுக்குள் கிடக்கும்.

"பாவம் புள்ள, ஒரு சாண் எடத்துல போட்டு வச்சிருக்கியே" என்பாள்.

"நம்ம மட்டும் பங்களாவுலயா இருக்கோம்க்கா?" என்று வெடுக்கென்று கேட்பேன்.

பாவமாவது! கிளியைத் தன்னோடு பழக்குகிறாள் என்றுதான் நினைத்தேன். பதுளைக்குப் போனவள் மூடி போட்ட பிரம்புக்கூடை ஒன்று வாங்கிவந்ததும் எனக்கு உறுதியாகிவிட்டது. என் கிளி கப்பலேறப் போகிறது. அன்றிலிருந்து கூண்டுக் கதவைக் கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

அவர்கள் புறப்படுவதற்கு முதல்நாள் மதியம் வந்தால் கூண்டு காலி. நேராக அவள் காம்பராவுக்குள் போய்க் கூடையைத் தட்டிக் கொட்டினேன். இரண்டு சேலை, ஒரு சாமி படம்.

"எங்க என் கிளி? திருடி!"

லயமே கூடிவிட்டது. அவள் அழவில்லை.

"திருடல புள்ள. நல்லபடியா ஊரு போய்ச் சேரணும்னு மாரியம்மாளுக்கு நேந்திருந்தேன், அடைஞ்சு கெடக்குற ஒரு உசுர விட்டுர்றேன்னு. என்கிட்ட ஏது உசுரு? அதான் தேயில மேல விட்டேன். உள்ள பூந்து போயிருச்சு."

உன் புண்ணியத்துக்கு என் கிளிதான் கிடைத்ததா என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் உறைத்தது. அந்தக் கிளியால் பறக்க முடியாது. உள் இறகுகளை நான்தான் அவ்வப்போது கத்தரித்துவிடுவேன். அழகு கெடக்கூடாது என்று ஓரத்து இரண்டை மட்டும் விட்டுவைப்பேன். சிறகை மடித்தால் வெட்டியது தெரியாது. என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

மலைக்கு ஓடினேன். மூன்றாவது தேயிலை நிரையில், மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் கிடந்தது. நாயோ கீரியோ கழுத்தைக் கடித்துப் போட்டிருந்தது. செடிக்கடியில் புதைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். வயிறு எரிந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் லொறியில் சாமான் ஏற்றும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்க புள்ள. இந்நேரம் அது கூட்டத்தோட சேந்திருக்கும்ல?"

"சேந்திருக்கும்க்கா."

அவள் சிரித்துக்கொண்டே லொறியில் ஏறினாள். லொறி வளைவில் மறைந்ததும் லயத்துப் பெண்கள் என்னைச் சுற்றி நின்று தேற்றினார்கள். போகிற போக்கில் அடுத்தவள் கிளியைக் களவாண்டு போனாளே என்று அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். நானும் சேர்ந்து ஏசினேன்.