ஒன்பது கஜம் பத்தாத கால்கள்

இன்று காலை டெல்லி கரோல் பாக்கில் ஒரு கல்யாணம். வருகிற விருந்தினர்களை நிற்க வைத்து, அங்கேயே வரைந்து கொடுப்பது என் வேலை. ஃபேஷன் படங்களின் பாணிதான்: நீண்ட கால்கள், ஒடிந்துவிடும் போல இடுப்பு.

இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. இன்று மடிசாரில் வந்து நின்றார் கல்யாணப் பெண்ணின் பெரியம்மா.

படத்தை வாங்கிப் பார்த்தார்.

"அச்சா, யாரு இது? என் புடவையைக் கட்டிண்டு நிக்கறா?"

"நீங்கதான் மாமி. ஸ்டைலுக்காகக் காலை நீளமா போடுவோம்."

"இவ்ளோ ஒசரத்துக்கு ஒன்பது கஜம் எப்படிம்மா பத்தும்? முழங்காலோட நின்னுடும்."

பின்னால் வரிசையில் ஒருவர், "தீதீ, ஜல்தி!" என்று அவசரப்படுத்தினார். எனக்கு விட மனமில்லை. புதுத் தாளை எடுத்தேன். அவருடைய உயரம், அவருடைய அகலம், அவர் கட்டியிருந்த அதே கொசுவம். என் ஸ்டைலை ஜரிகையில் மட்டும் காட்டினேன்.

"ம், இதுதான் நான்" என்றார் மாமி. பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இடுப்பை மட்டும் கொஞ்சம் குறைச்சுடேன்."

"குறைச்சா புடவை மிஞ்சிடுமே மாமி!"

குறைக்கவே இல்லை. நீங்களாக இருந்தால் குறைத்திருப்பீர்களா?