தண்ணீர் ஊற்றிப் பார்க்காத கூரை

புள்ளலூரில் நான் போட்ட ஜிப்சம் சீலிங் ஒன்று இடிந்து விழுந்து, ஒரு பெண்ணின் வலது மணிக்கட்டை உடைத்தது. முப்பது வருடமாக ஃபால்ஸ் சீலிங் வேலை செய்கிறேன். உத்திரமேரூரைச் சுற்றி நான் ஏணி போடாத ஊரே இல்லை என்று பீற்றிக்கொள்வேன். அந்தப் பெருமையெல்லாம் இங்கே வேண்டாம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. ஷெட்

ஏகாம்பரம் மோட்டார் காயில் கட்டுகிறவர். கார் நிறுத்தக் கட்டிய தகர ஷெட்தான் அவர் பட்டறை. சுற்றுவட்டாரத்தில் பம்ப்செட் மோட்டார் எரிந்தால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். செப்புக் கம்பியைச் சுற்றிக் காயில் ஆக்குவது அவர் மனைவி மல்லிகா. ஒரு சுற்று பிசகாது, அப்படி ஒரு கை. ஆனால் பதினொரு மணிக்கு மேல் அந்த ஷெட்டுக்குள் மனுஷர் இருக்க முடியாது. அந்த வருஷம் வெயிலில் இரண்டு தடவை மயங்கி விழுந்திருந்தாள்.

“மேஸ்திரி, ஆயுத பூஜைக்குள்ள முடிச்சிக் குடுத்துடு. இவ சூட்ல வெந்துக்கினு கீறா. பூஜை போட்டுட்டு புது சீலிங் கீழ வேலைய ஆரம்பிக்கணும்,” என்றார் ஏகாம்பரம்.

பூஜைக்கு நான்கே நாள் இருந்தது. “ஆவட்டும்ணா,” என்றேன்.

2. ஊசி வெளிச்சம்

போர்டைத் தாங்கும் இரும்புச் சேனலைத் தொங்கவிட ஏணியில் ஏறினேன். தலைக்கு மேல் தகரத்தில் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம், ஏழெட்டு இடத்தில். தகரத்தைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டுகளின் ரப்பர் வாஷர்கள் வெயிலில் வெடித்திருந்தன. இப்படி இருந்தால் வாஷரை மாற்றி, கூரைமேல் ஹோஸால் தண்ணீர் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் போர்டை மூட வேண்டும். ஒரு நாள் பிடிக்கும். எனக்கோ போர்டு இணைப்பில் பூசும் பட்டி காய வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும். தகர வேலை நம்ம வேலையா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏகாம்பரத்திடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், “பூஜை போனா போவுது, சரியா பண்ணு,” என்றிருப்பார். அப்படிப்பட்ட மனுஷன். நான் வாயைத் திறக்கவில்லை. சூடு இறங்காமல் இருக்க மேலே கிளாஸ் வுல் என்கிற கண்ணாடிப் பஞ்சை விரித்து, போர்டை மூடிவிட்டேன்.

பூஜை அன்று மல்லிகா அண்ணாந்து அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். “யப்பா, இன்னா சில்லுனு கீது! இனிமே மத்தியானத்துலகூட கம்பி சுத்துவேண்ணா,” என்றாள். கண்ணு பட்டுவிடக் கூடாதென்று ஏகாம்பரம் போர்டில் ஒரு கொக்கியைத் திருகி, முகம் வரைந்த சின்னப் பூசணிக்காயைத் தொங்கவிட்டார். வெறும் போர்டில் கனம் தொங்கவிடக் கூடாது. நல்ல நாளில் எதற்குக் குறை சொல்ல வேண்டும் என்று, பொரிகடலையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

3. மழை

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில் போன் வந்தது. ஓடினேன். கிளாஸ் வுல் தண்ணீரைக் குடித்துக் கனத்து, ஊறிய போர்டு இரண்டு, வேலை செய்துகொண்டிருந்த மல்லிகாவின் மேல் விழுந்திருந்தது. அவளைக் காஞ்சிபுரத்துக்கு மாவுக்கட்டு போடக் கொண்டுபோய்விட்டார்கள்.

குப்பையில் பூசணிக்காய் கிடந்தது. “என்ன செருப்பால அடிக்கணும் மேஸ்திரி,” என்று ஏகாம்பரம் அழுதார். “தகரம்னா ஒழுவத்தான் செய்யும். உன் போர்டு தாங்கியிருக்கும். நான்தான் கொக்கி மாட்டிக் கெடுத்துட்டேன். அவ கைய நானே ஒடிச்சிட்டேன்.”

நான் அண்ணாந்து பார்த்தேன். போர்டு முதலில் பிய்ந்த இடம் கொக்கிக்கு நான்கடி தள்ளி இருந்தது. அதற்கு நேர்மேலே அதே ஊசி வெளிச்சம்.

“வுடுண்ணா, நடந்தது நடந்துபோச்சி,” என்றேன். அதைச் சொன்ன வாயை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அடுத்த வாரம் எல்லா வாஷரையும் மாற்றி, தண்ணீர் அடித்துப் பார்த்து, புது போர்டு போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அதற்கு அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்போதும் சொல்லவில்லை.

4. போன வாரம்

மல்லிகாவின் எலும்பு கூடிவிட்டது, மணிக்கட்டு மடங்கவில்லை. இனிமேல் கம்பி சுற்ற முடியாது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் போன வாரம் போனேன். இடது கையால் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

“பாருண்ணா, கண்ணு படக்கூடாதுன்னு மாட்டி என் கைய வாங்கிட்டாரு இந்தாளு,” என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. ஏகாம்பரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

போர்டு மூடுவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஓட்டையைக் கண்டால் அன்றைக்கே சொல்லுங்கள், ஒரு நாள் வேலைதான் தள்ளிப்போகும். நான் சொல்லாததால் ஒரு மனுஷன் செய்யாத தப்புக்குப் பெண்டாட்டி எதிரில் தினமும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். நாளைக் காலையில் மறுபடியும் புள்ளலூர் போகிறேன். அவள் டீ போட உள்ளே போவதற்குள் சொல்லிவிட வேண்டும்.