தெல்மா ஒட்டிய வெள்ளி ஃபிலிம்

ஜூன் மாதத்திலும் பாலைவன ஊரான யூமாவை விட்டுப் போகாதவர்கள் இரண்டு வகை. போக்கிடம் இல்லாதவர்கள் ஒரு வகை, வீம்பு பிடித்தவர்கள் இன்னொரு வகை. தெல்மா ஹாக்ஸ்டன் முதல் வகை. அவள் வாழ்ந்த வண்டிப் பேட்டையில் குளிர்காலத்தில் இருநூறு வண்டிவீடுகள் நெருக்கியடித்து நிற்கும். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே வைத்த, பஸ் மாதிரி நீண்ட வண்டிகள். ஏப்ரல் பிறந்ததும் ஒவ்வொன்றாக வடக்கே கிளம்பிவிடும். வெயில் நூற்றுப் பதினெட்டு டிகிரியைத் தொடும்போது மிஞ்சி நிற்பது ஒன்பதோ பத்தோதான்.

தெல்மாவுக்குப் பயம் பிறவியிலேயே வந்தது. போன் அடித்தால் சாவுச் செய்தி என்று நினைத்துத்தான் எடுப்பாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புவாள். பாம்புக்குப் பயம், இடிக்குப் பயம், வங்கியில் கையெழுத்துப் போடப் பயம். “பயப்பட ஒண்ணும் கிடைக்கலன்னா, ஏன் கிடைக்கலன்னு பயப்படுவ நீ,” என்று புருஷன் லெஸ்டர் கேலி செய்வான். அந்த லெஸ்டர் ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அவள் பயந்த ஆயிரம் விஷயங்களில் அது இல்லவே இல்லை.

அவன் போன பிறகு வந்த முதல் கோடையில் அவள் தன் வண்டிக்குள்ளேயே மயங்கி விழப் பார்த்தாள். மேஜைமேல் கிடந்த கரண்டி விரலைச் சுட்டது. கார்களுக்கு சன் ஃபிலிம் ஒட்டும் கடையில் மிச்சச் சுருள் வாங்கிவந்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் பட்டையால் இழுத்து இழுத்து எல்லா ஜன்னலிலும் தானே ஒட்டினாள். உள்ளே சூடு இறங்கியதும் அக்கம்பக்கத்தார் தங்கள் வண்டிக்கும் ஒட்டித் தரச் சொன்னார்கள். பதினொரு வருஷமாக அதுவே பிழைப்பு. பயம் அவளுக்கு உதவிய ஒரே இடம் இதுதான். ஒரு குமிழி விட்டுப்போகுமோ, ஒரு முடி ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று நாலு தரம் பார்ப்பாள். அதனால் யூமாவில் அவள் வேலையைக் குறை சொன்னவர் கிடையாது.

ஓபல் ரிட்டனவர் வீம்பு பிடித்த வகை. எழுபத்தொன்பது வயது, தனிக்கட்டை. நெப்ராஸ்காவில் இருக்கும் மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனாள். போன வியாழக்கிழமை தெல்மா அவள் வண்டிக்கு வெள்ளி ஃபிலிம் ஒட்டிக்கொடுத்தாள். இருப்பதிலேயே அதிகம் சூட்டைத் தடுக்கிற ரகம். பகலில் வெளியிலிருந்து பார்த்தால் பார்க்கிறவர் முகம்தான் தெரியும், உள்ளிருப்பவருக்கு வெளியே எல்லாம் தெளிவாகத் தெரியும். “இனிமே உள்பாவாடையோட உக்காந்து காப்பி குடிக்கலாம். எந்த எருமையும் எட்டிப் பாக்க முடியாது,” என்று ஓபல் சந்தோஷப்பட்டாள்.

திங்கட்கிழமை விடிகாலையில் தன் நாயை நடத்திக் கூட்டிவந்த தெல்மா, காலை பத்து மணிக்குப் பேட்டையின் சலவை அறையில், வேலைக்குத் தரையில் விரிக்கிற கான்வாஸ் துணியை அலசிக்கொண்டிருந்தாள். பேட்டையின் மேனேஜர் டுவைட் உள்ளே வந்தான். நல்லவன், வாயாடி.

“உன் ஃபிலிமால நான் அந்தக் கிழவிகிட்ட வாங்கின திட்டு இருக்கே, தெல்மா.”

“என்னாச்சு?”

“பச்சை அட்டைதான்.”

கோடையில் தங்குகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் முன் ஜன்னலில் ஒரு பச்சை அட்டையை மாட்ட வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். டுவைட் பேட்டரி வண்டியில் சுற்றி வருவான். அட்டை இல்லாத வண்டியின் கதவைத் தட்டுவான்.

“வெள்ளிக்கெழம அட்டையக் காணோம்னு தட்டினேன். கண்ணு அவிஞ்சு போச்சா, உள்ள மாட்டித்தான் இருக்குன்னு கத்தினா. சனிக்கெழமையும் தட்டினேன், அதே கத்தல். வெளிய கதவுல மாட்டுன்னு சொன்னா, காத்துல பறந்துடுமாம். சரி தாயே, நீ தினமும் மாட்டுறன்னு நானே நெனச்சுக்கிறேன்னு கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்.”

அவன் சிரித்தான். தெல்மா அலசுவதை நிறுத்தினாள்.

“அப்ப நேத்து தட்டலையா?”

“தட்டல.”

“இன்னைக்கு?”

“அதான் சொல்றேனே, மாட்டியிருப்பா.”

“சனிக்கெழமைக்கு அப்புறம் அவளைப் பாத்தவங்க யாரு, டுவைட்?”

அவன் யோசித்தான். ஓபல் இருந்த மூன்றாம் வரிசையில் மற்ற எல்லோரும் வடக்கே போய்விட்டார்கள். அந்த வரிசை முழுவதிலும் அவள் வண்டி ஒன்றுதான். யோசிக்க யோசிக்க டுவைட்டின் முகம் மாறியது.

“மூணாவது வரிசையில ஒம்பது மணியிலேருந்து கரண்ட் வேற இல்ல,” என்றான் மெதுவாக. “ஆள் வரச் சொல்லியிருக்கேன்.”

தெல்மா ஈரத் துணியோடு ஓடினாள். அறுபது வயதில், நூற்றாறு டிகிரி வெயிலில் ஓடினாள். கரண்ட் இல்லை என்றால் ஏசி இல்லை. ஏசி இல்லாத வண்டிவீடு தகர டப்பா. ஃபிலிம் சூட்டைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஓடிக்கொண்டே ஓபலுக்குப் போன் போட்டாள். ஏதாவது திட்டி எடு, எருமை என்று என்னையே திட்டு என்று வேண்டிக்கொண்டாள். யாரும் எடுக்கவில்லை. வண்டியை நெருங்கியபோது மணிச் சத்தம் உள்ளிருந்து கேட்டது. ஜன்னலுக்கு எட்டாத பின்கோடியில், கட்டில் பக்கம் கேட்டது. பிறகு நின்றுபோனது.

ஏசியின் இரைச்சல் இல்லை. கதவைத் தட்டினாள். உள்பூட்டு. கதவோரப் படியில் ஏறி நின்றாள். ஜன்னல் முகத்துக்கு நேராக வந்தது. அதில் தெரிந்தது வேர்த்து வெளிறிப்போன தெல்மாதான். கைகளைக் குவித்து வைத்துப் பார்த்தாள், தன் கண்தான் தெரிந்தது. ஒரு குமிழி இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. இவ்வளவு சுத்தமாக ஒட்டித் தொலைத்திருக்க வேண்டாம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெள்ளி ஃபிலிமை ஏமாற்ற ஒரு வழி உண்டு. வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நிற்பவருக்குத்தான் அது முகம் பார்க்கிற கண்ணாடி. ஓபல் வண்டியின் கூரைத் திறப்பில் ஃபிலிம் ஒட்டவில்லை, அதன் வழியாக உள்ளே வெளிச்சம் விழும். தெல்மா கான்வாஸைத் தலைக்குமேல் போட்டு, ஓரங்களை ஜன்னலோடு சேர்த்து அழுத்தி, இருட்டாக்கிக்கொண்டாள். ஓரம் விலகி விலகி வெளிச்சம் புகுந்தது. மறுபடி அழுத்தினாள்.

மெல்ல மெல்ல உள்ளே தெரிந்தது. முதலில் பச்சை அட்டை. சாய்ந்து, ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, ஒரு முழத்தில், ஓபலின் முகம்.

ஜன்னலோர இருக்கையில் சாய்ந்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன. நேராகத் தெல்மாவைப் பார்த்தன. இமைக்கவில்லை.

ஆயுசு முழுக்கப் பயந்ததெல்லாம் வெறும் பழக்கம், பயம் என்றால் இதுதான் என்று தெல்மாவுக்கு அப்போது தெரிந்தது. செத்துவிட்டாளா, பார்க்கிறாளா? நான் ஒட்டியதுதான் கொன்றதா?

டுவைட் சுத்தியலோடு பேட்டரி வண்டியில் வந்துவிட்டான், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டே. “இந்த ஜன்னல் வேண்டாம், அவ மேல விழும். அந்தப் பக்கம்,” என்று தெல்மா கத்தினாள். அடுப்படி ஜன்னலை அவன் ஓங்கி அடித்தான். கண்ணாடி பொடிப்பொடியாக வெடித்தது. ஆனால் விழவில்லை. உள்பக்க ஃபிலிம் அத்தனை துண்டுகளையும் பிடித்து வைத்துக்கொண்டது. இன்னும் இரண்டு அடி அடித்தான், போர்வைபோல் உள்வாங்கியதே தவிரக் கிழியவில்லை.

“என்ன எழவை ஒட்டியிருக்க?” என்றான் அழுகிற குரலில்.

“தள்ளு.”

வேலைக் கத்தி அவள் பாக்கெட்டிலேயே இருந்தது. பேட்டரி வண்டியின் சீட்டில் ஏறி, நாலு ஓரமும் கோடு பிடித்ததுபோல் அறுத்தாள். விரல் அறுபட்டு ரத்தம் வழிந்தது. மொத்தமும் உள்ளே சரிந்ததும், உடலை நுழைத்து அடுப்புமேல் விழுந்து இறங்கினாள். உள்ளே காற்று நெருப்பாக இருந்தது. ஓபலின் கழுத்தில் கை வைத்தாள். தோல் வறண்டு கொதித்தது. அடியில், பலவீனமாக, துடித்தது.

கதவைத் திறந்து டுவைட்டை உள்ளே விட்டாள். படியில் கிடந்த ஈரக் கான்வாஸை எடுத்து ஓபலைப் போர்த்தினாள். டுவைட் தண்ணீரில் துணி நனைத்து உதட்டைத் தொட்டுத் தொட்டு ஈரமாக்கினான். ஓபலின் இடது கால் கோணலாகத் திரும்பியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வழுக்கி விழுந்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. யார் கண்ணிலாவது படலாம் என்று, இடுப்பு முறிந்த நிலையில் ஊர்ந்து வந்து, ஜன்னலோர இருக்கையில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். விடிய விடிய நகத்தால் கண்ணாடியைத் தட்டியிருக்கிறாள்.

சிறிது நேரத்தில் ஓபல் கண்ணை இமைத்தாள். உதடு அசைந்தது. தெல்மா குனிந்து காதைக் கொடுத்தாள்.

“காலையில வந்தியே,” என்றாள் ஓபல்.

“யாரு? டுவைட்டா?”

“நீதான், கண்ணு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. நாயைக் கூட்டிக்கிட்டு.” மூச்சு வாங்கினாள். “படியில ஏறின. ஜன்னல்ல ஏதோ கறையை சட்டைக் கையால துடைச்ச. முடியை ஒதுக்கிக்கிட்ட. அப்புறம் சிரிச்ச.”

தெல்மாவுக்கு நினைவு வந்தது. ஒரு விரல் ரேகை. தன் வேலை எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று நின்று பார்த்தது. உள்ளே ஒரு ஆள் இருப்பாள் என்ற எண்ணமே அப்போது வரவில்லை.

“நான் கையைத் தூக்கிக் காட்டினேன்,” என்றாள் ஓபல். “நீ என்னைப் பாத்துத்தான் சிரிக்கிறன்னு நெனச்சேன். இதோ ஆளைக் கூட்டிட்டு வரப்போறன்னு அப்பலேருந்து பாத்துக்கிட்டே இருந்தேன்.”

டுவைட் தலையைத் திருப்பிக்கொண்டான். ஆம்புலன்ஸ் சத்தம் வாசலில் கேட்டது. ஆட்கள் ஏறி வந்து, “கையை விடுங்கம்மா, நாங்க பாத்துக்கிறோம்,” என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் தெல்மா அவள் கையை விட்டாள்.