பளிங்கு அண்ணனும் மருமகனும்

என் இடது கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருக்கிறது. வலது கன்னம் வழவழவென்று ஆகிவிட்டது. மீதியை அந்தரத்தில் விட்டுவிட்டுப் பளிங்கு அண்ணன் கடை வாசலுக்கு ஓடிவிட்டார். அவர் கையில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழாய், அதில் மீன்தொட்டியிலிருந்து எடுத்த கொஞ்சம் உப்புத் தண்ணீர். மருந்துச் சொட்டு விழுந்த அந்தத் தண்ணீர் நிறம் மாறுகிற நேரம் இது. தவறவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் கன்னம் அப்படியில்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

"டியூப்லைட்டை நம்பக் கூடாது சார். வெள்ளையை ரோஸுன்னு சொல்லும், ரோஸை வெள்ளைன்னு சொல்லும்" என்பார். அதனால் குழாயை நிற அட்டை மேல் வைத்து வெயிலில் நின்று பார்ப்பார். தன் கண்ணையும் முழுதாக நம்பமாட்டார். பார்சல் கொண்டுவருகிறவர், பக்கத்து மருந்துக்கடைக்காரர், பேருந்துக்காக நிற்கிற அம்மா, யார் கிடைத்தாலும் விடமாட்டார். "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, இது வெள்ளையா, லேசா ரோஸா?" தெருவில் பாதிப் பேர் இப்படி நீதிபதி ஆகியிருக்கிறார்கள்.

பளிங்கு என்பது வாடிக்கையாளர்கள் நாங்கள் வைத்த பெயர். முடி தரையில் விழுவதற்குள் துடைப்பம் வந்துவிடும். சீப்புகள் வெந்நீரில் குளித்து, துண்டில் படுத்து, அதன் பிறகுதான் நம் தலைக்கு வரும். பவுடர் பூசிக்கொள்ள வேண்டுமென்றால் நாம்தான் நடைபாதைக்குப் போக வேண்டும், ஏனென்றால் கடைக்குள் தூசு பறந்தால் தொட்டிக்கு ஆகாது. மற்ற சலூன்களில் டிவி இருக்கும் இடத்தில் இவர் கடல்நீர்த் தொட்டியை வைத்திருக்கிறார். மேலே கண்ணாடி மூடி, உள்ளே பாறைகள், ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி மீன், நடுவில் மருமகன்.

மருமகன் என்பது ஒரு பவளம். பார்த்தால் செடி மாதிரி இருக்கும், ஆனால் உயிருள்ள பிராணி. கல் போன்ற எலும்புக்குள்ளிருந்து மெத்தென்ற விரல்களை நீட்டி ஆட்டிக்கொண்டிருக்கும். அண்ணனின் தங்கை தன் வீட்டுத் தொட்டியிலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டு அது. தங்கை வீட்டிலிருந்து வந்தால் மருமகன்தானே. இந்தத் தொட்டிப் பைத்தியம் பிடித்தவர்களிடையே அது ஒரு வழக்கம்: என்னிடம் இருப்பதில் ஒரு துண்டை உன்னிடம் கொடுத்து வைக்கிறேன், என்னுடையது போய்விட்டால் நீ எனக்கு ஒரு துண்டு திருப்பிக் கொடு.

போய்விட்டது. தங்கை குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தபோது அவர் வீட்டில் மின்சாரம் நின்று, பம்பு நின்று, தொட்டியில் இருந்த அத்தனையும் செத்துப்போயின. பல வருடமாக வளர்த்தவை. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தின் ஒரே வாரிசு இந்த மருமகன்தான். அவனும் இங்கே வெளிறிக்கொண்டு வந்தான். விரல்கள் உள்ளே சுருண்டுவிட்டன, ஓரத்தில் வெள்ளை எலும்பு எட்டிப் பார்த்தது. அண்ணன் சாப்பிட மறந்தார். ஒருநாள் எனக்கு மீசையையே எடுத்துவிட்டார்.

செய்வதறியாமல் இன்னும் அதிகமாக டெஸ்ட் செய்தார். பவளம் எலும்பு கட்டக் கால்சியம் வேண்டும், காரத்தன்மை வேண்டும். இந்த இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மண்ணாக உதிராமலிருக்க மெக்னீசியம் வேண்டும். எல்லாம் சரியாக இருந்தன. "எல்லாப் பாடத்திலயும் பாஸ் சார். பையன் மட்டும் எழுந்திருக்க மாட்டேங்கிறான்" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்கை வந்தது ஒரு விடுமுறை நாளில். ஓர் அலுவலகத்தின் கேன்டீனை நடத்துகிறவர். அடுப்புச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். வந்ததும் தொட்டியின் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு மருமகனை உற்றுப் பார்த்தார். பிறகு விசாரணை ஆரம்பித்தது.

"உப்பு?"

"சரியா இருக்கும்மா."

"கால்சியம்?"

"பாஸ்."

"நைட்ரேட்?"

"சைபர். குழாய் ஒருநாளும் ரோஸ் ஆனதில்ல, எப்பவும் வெள்ளைதான்." அண்ணன் நிமிர்ந்து நின்றார். "பாஸ்பேட்டும் சைபர். ஆரம்பத்திலேர்ந்தே சைபர்தான். அழுக்குன்னு ஒண்ணு சேரவே விடலையே."

தங்கை சுற்றிலும் பார்த்தார். கண்ணாடியில் பாசியின் சாயல்கூட இல்லை. மீன்களுக்குப் போடும் தீனியை அண்ணன் வடிகட்டியில் அலசிய பிறகே போடுவார், அதுவும் மூக்குப்பொடி அளவுக்கு. வடிகட்டும் பெட்டிக்குள் பாஸ்பேட்டை உறிஞ்சும் மணிகள் ஒரு பை நிறைய.

"அண்ணா, எங்க கேன்டீன்ல ஒரு தட்டு காலியா இருந்தா ரெண்டு விதமா இருக்கலாம். எல்லாத்தையும் சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க. இல்லேன்னா நாங்க இன்னும் பரிமாறியே இருக்க மாட்டோம். தட்டைப் பாத்தா எதுன்னு தெரியாது, ஆளோட முகத்தைப் பாக்கணும். மீன் தின்னு கழிக்கிற அழுக்குலதான் இவனுக்குச் சாப்பாடே. நீ அதைத் துடைச்சுத் துடைச்சு எடுத்துட்டே. மருமகனைப் பட்டினி போட்ட தாய்மாமன் நீ ஒருத்தன்தான்."

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, மடித்து, மறுபடியும் மடித்தார். "சுத்தமா வச்சிருந்தா நல்லா இருப்பான்னு நெனச்சேன்மா." அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. தங்கைக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார். "உன் கடையில வேற எப்படி இருக்கும்? அந்தப் பையை எடுத்துடு. தீனியைக் கூட்டு. ஒரேயடியா கொட்டிடாதே, பட்டினி கெடந்த வயிறு தாங்காது."

அடுத்து வந்த வாரங்கள் அண்ணனுக்குத் தண்டனைக் காலம். தீனியை அலசாமல் போட்டுவிட்டு, தண்ணீர் லேசாகக் கலங்குவதைக் காணப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பக்கக் கண்ணாடியில் பச்சை படர ஆரம்பித்தது. "வாடிக்கையாளர் பாத்தா என்ன நினைப்பாங்க சார்?" என்று என்னிடமே கேட்டார், நான் வாடிக்கையாளன் இல்லாத மாதிரி. தினமும் குழாயோடு வாசலுக்குப் போனார். தினமும் தெரு ஒரே தீர்ப்பைச் சொன்னது: வெள்ளை.

இன்றைக்கும் அதற்காகத்தான் ஓடியிருக்கிறார். வெளியே பார்சல்காரரின் குரல் கேட்கிறது. "அண்ணே, இது ரோஸுண்ணே." மருந்துக்கடைக்காரரும் வந்து பார்த்து ஆமாம் என்கிறார். அண்ணன் குழாயை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு உள்ளே வருகிறார். "அழுக்கு வந்துடுச்சு சார்" என்கிறார். குழந்தை பிறந்த செய்தியை இப்படித்தான் சொல்வார்கள்.

நான் நுரைக் கன்னத்தோடு எழுந்துபோய்த் தொட்டியைப் பார்க்கிறேன். மருமகனின் ஒரு பக்கத்தில் பொன்னும் பழுப்புமாய் நிறம் ஏறியிருக்கிறது. அங்கே சில விரல்கள் வெளியே வந்து, தண்ணீர் போகிற போக்கில் அசைகின்றன. எனக்கே மனசு நிறைந்துவிட்டது.

அந்த நேரத்தில் தங்கையும் வந்து சேர்கிறார். கையில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. அவர் வீட்டுத் தொட்டி மறுபடி ஓடத் தொடங்கிவிட்டதாம், வெறும் பாறைகளோடு காத்திருக்கிறதாம். பிழைப்பானோ மாட்டானோ, உயிர் இருக்கும்போதே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் கிளம்பியிருக்கிறார். மருமகனைக் குனிந்து பார்க்கிறார். டப்பாவைப் பைக்குள் திரும்ப வைக்கிறார்.

"இப்போ வெட்ட வேணாம்ணா. நல்லா தேறட்டும். இன்னும் கொஞ்ச நாள் மாமன் வீட்டுச் சாப்பாடு சாப்பிடட்டும்."

அண்ணன் தொட்டியருகே போகிறார். கண்ணாடியில் பாசி தேய்க்கும் காந்தத்தை எடுத்து, தங்கைக்கு நன்றாகத் தெரியட்டும் என்று மருமகனுக்கு நேராக முன்பக்கத்தை மட்டும் மழிக்கிறார். கை பழக்கதோஷத்தில் அப்படியே பக்கவாட்டுக்குப் போகிறது. பச்சை ஆரம்பிக்கிற இடத்தில் நிற்கிறது. காந்தத்தை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, இரண்டு கைகளையும் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்.