வராந்தாவில் சில சனிக்கிழமைகள்

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் வாய் ஓயாது. வாசலைத் தாண்டிவிட்டால் ஒரு சொல் வராது. டீச்சர் பெயர் கேட்டால்கூடத் தலைகுனிந்து நிற்பாள். ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லப் பயந்து, நனைந்த பாவாடையோடு வீட்டுக்கு வருவாள். முழுப்பரீட்சைக்குள் பேசாவிட்டால் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு கேபிள் டி.வி. வந்துகொண்டிருந்த காலம். ஆனாலும் பேசாத பிள்ளைக்கு மந்திரிப்பதைத் தவிர வேறு வைத்தியம் உண்டென்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

பாளையங்கோட்டையில் இதற்கென்றே ஒரு டாக்டரம்மா இருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். மருந்து மாத்திரை கிடையாது. விளையாட்டும் பேச்சுமாகப் பயத்தைப் பையப் பைய எடுத்துவிடுவாராம். டவுனிலிருந்து பஸ் ஏறிப் போனோம். டாக்டர் என்றதுமே அவள் அங்கிருந்த வராந்தாத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காமல் என்ன செய்வாள்? சோறு உண்ணாவிட்டால் ஊசி, தூங்காவிட்டால் ஊசி என்று டாக்டரைக் காட்டி மிரட்டித்தானே எங்கள் வீடுகளில் பிள்ளை வளர்க்கிறோம்! என் வீட்டுக்காரர் அவளை அலாக்காகத் தூக்கினார். அவள் அலறவில்லை, வெளியில்தான் சத்தமே வராதே. உடம்பு மட்டும் வெடவெடவென்று நடுங்கியது.

டாக்டரம்மா வெளியே வந்து, "இறக்கி விடுங்க அண்ணாச்சி. அவளா வரட்டும். வராட்டாலும் பாதகமில்ல" என்றார்.

அடுத்தடுத்த வாரங்களிலும் வராந்தாதான். டாக்டரம்மா ஒரு கூடைச் சொப்புச் சாமானை அவளருகில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். கதவு திறந்தே இருக்கும். அவள் சோறு பொங்கி விளையாடுவாள். உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். "விளையாடுததுக்கா பஸ் ஏறி வாரோம்? பரீட்சை வந்துட்டுல்லா" என்று என் வீட்டுக்காரர் எரிந்து விழுந்தார். எனக்கும் அந்தப் பயம்தான்.

அவர் வராத ஒரு சனிக்கிழமை, டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. பள்ளிக்கூடமும் கைவிட்டால் இவளை எங்கே கொண்டு சேர்ப்பேன் என்று ஆரம்பித்தவள், முடிக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

நிமிர்ந்தபோது மகள் கதவருகே நின்றிருந்தாள். டாக்டரம்மாவின் கைகளை உற்றுப் பார்த்தாள். விறுவிறுவென்று வந்து என் மடியில் ஏறி, என் இரண்டு கைகளையும் இழுத்துத் தன் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"எங்கம்மைக்கு ஊசி போடாதீங்க."

மூச்சுக்காற்று அளவுக்குத்தான் குரல் வந்தது. ஆனால் வெளியாளிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

டாக்டரம்மா ஆச்சரியம் காட்டவில்லை. "இங்கன ஊசியே கிடையாது, நீயே பாரு" என்று மேசை இழுப்பறைகளைத் திறந்துவிட்டார். அவள் ஒவ்வொன்றாகத் துழாவிப் பார்த்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ, எத்தனை பயத்தைச் சுமந்துகொண்டு இவள் உள்ளே வந்தாள் என்றுதான் நினைக்கத் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை நான் கூப்பிடும் முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். "அம்மைக்குத்தான் மேலுக்குச் சரியில்லப்பா. தனியா போனா அழுவா. நான் தொணைக்குப் போறேன்" என்றாள். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொள்ள, நான் நோயாளியாகப் பஸ் ஏறினேன்.