பன்றிக் காவலை அவிழ்த்த ஞாயிற்றுக்கிழமை

காலி பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் எங்கே கேட்டாலும் சரி, கடைத்தெருவோ கல்யாண வீடோ, எனக்குப் பாபநாசம் மலையடிவாரத்தில் ஒரு வயல்வரப்புதான் நினைவுக்கு வரும். மூன்று வருஷத்துக்கு முந்தைய தை மாசம். பிசானப் பருவத்து நெல் பால் பிடித்து நின்ற சமயம்.

புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் சுற்றுலா வந்தவர்கள் போட்டுவிட்டுப் போகும் குப்பையைப் பொறுக்க, பாளையங்கோட்டையிலிருந்து பத்துப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனோம். மலை, பனி, வாய்க்காலில் நழுவும் தண்ணீர். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோதும் நான் நடந்துகொண்டே இருந்தேன்.

காட்டுக்கும் வயலுக்கும் நடுவே கம்பு நட்டுக் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. அதில் வெளுத்துப்போன சேலைகளும் மதுபாட்டில்களும் தொங்கின. இவ்வளவு அழகான இடத்தில் இதென்ன அசிங்கம்? ஒன்றுவிடாமல் அறுத்து மூட்டை கட்டினேன். மூட்டை எங்கள் வேனில் ஏறி அம்பாசமுத்திரத்தில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

வரப்பில் மறந்து வைத்த தோள்பையை எடுக்க மறுநாள் காலை திரும்பிப் போனேன். வயலில் பாதி, பாய் விரித்ததுபோல் படுத்துக் கிடந்தது. மிதிபட்ட கதிர்களின் பச்சை வாசம். என் வயதிருக்கும் ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். குத்தகைக்கு எடுத்த வயலாம். காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கியிருக்கிறது. காற்றில் சேலை ஆடி, பாட்டில் சத்தம் போட்டால் ஆள் நிற்பதாக நினைத்துப் பன்றி ஒதுங்கிவிடுமாம். அதை எவனோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான் என்றார்.

பையை எடுத்துக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் நான்தான் என்று சொல்லிவிட்டேன். குப்பை என்று நினைத்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

ஏற இறங்கப் பார்த்தார். “குப்பையை ரெண்டு ரெண்டா சோடி சேத்துக் கட்டியா அண்ணாச்சி போடுவாவ?”

நஷ்ட ஈடு கேட்டு வனத்துறைக்கு மனு எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

“எழுதுங்க. அது வாரதுக்குள்ள மிச்சத்தையும் பன்னி முடிச்சிரும். பொழுது அடையதுக்குள்ள திரும்பக் கட்டியாவணும்.”

பழைய சாமான் கடைக்கு ஓடினேன். நல்லவேளை, மூட்டை பிரிக்காமல் கிடந்தது. மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் கட்டினோம். நான் போட்ட முடிச்சுகளை அவர் பின்னாலேயே வந்து அவிழ்த்து இறுக்கினார். “அறுத்த வேகம் கட்டுததுல இல்லயே” என்று ஒரு குத்தல் வேறு.

காட்டின்மேல் கோபம் வரவில்லையா என்று கேட்டேன்.

“காடு இல்லாட்டி இந்த வாய்க்கால்ல தண்ணி ஏது? பன்னியைத் தொட்டா கேசு. ரெண்டையும் யோசிச்சுத்தான் பாட்டிலைக் கட்டுதோம்” என்றார்.

மிச்சப் பாதி அறுப்புவரை தப்பியது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். போன பாதி இன்னும் என் மனசில் படுத்தே கிடக்கிறது. இப்போதும் குப்பை பொறுக்கப் போகிறேன். எதையும் எடுக்குமுன் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று தேடிக் கேட்கிறேன். கட்டி முடித்த அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது, கையிலிருந்த மண்ணை வாய்க்காலில் கழுவிக்கொண்டே அவர் சொன்னார்:

“சுத்தம் பண்ண இன்னும் வாங்க அண்ணாச்சி, வேண்டாங்கல. கை வைக்கதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேளுங்க. நாங்க இங்கனதான் இருக்கோம்.”